மதிப்பிழந்த பணமும் மதிப்புப் பெற்ற தாளும்

ஹாலே நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கூடும் பழம்பொருட் சந்தைகளுக்குச் சென்ற எம்மவர், கடதாசிப் பெட்டிகளில் அடுக்கி வைக்கப்பட்டுள்ள சிறு வண்ணத் தாள்களைக் கண்டிருப்பர். கோட்டைகளும் தேவாலயங்களும் ஊர்ப் பழங்கதைகளும் அவற்றிலே சித்திரங்களாக விளங்கும். எமது சிறுவர்கள் அவற்றைச் சித்திரக்கதைப் புத்தகத்தின் கிழிந்த பக்கங்கள் என எண்ணுவதும் உண்டு. உண்மையில் அவை இந்நாட்டிலே பணமாக வெளியிடப்பட்டவை. 'நோட்கெல்ட்' எனப்படும் அவசரகாலப் பணம் அதுவேயாகும்.

1914இல் முதலாம் உலகப்போர் மூண்டதும் மக்கள் வெள்ளி நாணயங்களைப் பதுக்கினர். பின்னர் செம்பும் நிக்கலும் போர்த் தேவைக்கென எடுக்கப்பட்டன. கடையிலே மீதிக் காசு கொடுப்பதற்கும் சில்லறை இல்லாமற் போயிற்று. எனவே நகரசபைகளும் தொழிற்சாலைகளும் தத்தமக்கெனச் சிறு தாள்களை அச்சிட்டன. ஹாலே நகரும் இதற்கு விலக்கன்று. பீலெஃபெல்ட் நகரம் பட்டுத் துணியிலே பணம் அச்சிட்டது. மைசன் நகரிலே பீங்கானாற் காசுகள் செய்யப்பட்டன.

அழகிய பொருளைக் கண்டால் சேர்க்க விரும்புவது மனித இயல்பு. மக்கள் இத்தாள்களைச் செலவிடாது ஏடுகளில் ஒட்டி வைக்கத் தொடங்கினர். இதனைக் கண்ட நகரசபைகள், 1921ஆம் ஆண்டளவில், ஒரு கதையைப் பல தாள்களில் தொடராகச் சொல்லும் வரிசைகளைச் சேகரிப்போருக்கென்றே அச்சிட்டன. மீளக் கொண்டுவராத ஒவ்வொரு தாளும் நகரசபைக்கு இலாபமல்லவா! தாளிலே குறித்த தவணை கடந்ததும் கடனும் தீர்ந்தது. 1922 யூலையில் அரசு இவ்வெளியீடுகளைச் சட்டத்தால் தடை செய்தது.

ஆயினும் பெருந்துன்பம் அதன் பின்னரே வந்தது. போருக்கு முன் ஒரு அமெரிக்க டொலரின் விலை 4.20 மார்க். 1923 நவம்பரில் அது 4,20,000 கோடி மார்க் ஆயிற்று. மத்திய வங்கியின் அச்சுயந்திரங்கள் ஓயாது இயங்கியும் போதிய தாள் கிடைக்கவில்லை. நகரங்கள் மீண்டும் அவசரகாலப் பணம் அச்சிட்டன. இம்முறை சித்திரங்களுக்கு நேரமில்லை. பல தாள்களின் மறுபக்கம் வெறுமையாகவே இருந்தது. அயல் மாநிலமான தூரிங்கியாவுக்கு, பவ்ஹவுஸ் கலைக்கூடத்தைச் சேர்ந்த ஹேர்பேர்ட் பாயர் வடிவமைத்த இலட்ச, கோடி மார்க் தாள்கள் இக்காலத்தனவே. 1923 நவம்பர் 15இல் 'றென்ரன்மார்க்' என்னும் புதிய நாணயம் அறிமுகமாயிற்று. ஒரு இலட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புதிய மார்க் என்பது கணக்கு. ஆயுள் முழுவதும் சேமித்த ஓய்வூதியரும் விதவைகளும் வெறுங்கையராயினர். கடன்பட்டவர்களோ ஒரு வேளை உணவின் விலையிலே பெருங்கடனைத் தீர்த்தனர்.

இத்தாள்களைச் சேர்த்து வைத்தவர்கள் செல்வராயினரா? இல்லை. நூறு ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலான வண்ணத் தாள்களைச் சில யூரோக்களுக்கே வாங்கலாம். காரணம் எளிது. சேர்ப்பதற்கென்றே அச்சிடப்பட்டதை எல்லோரும் சேர்த்தனர். எல்லோரும் சேர்த்ததனால் அது அரிதாகவில்லை. எவரும் பேணாது கைநழுவ விட்டவையே அரியனவாயின. 2022இல் ஜேர்மனியிலே விலைவாசி சராசரியாக 6.9 வீதம் உயர்ந்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் இலங்கையிலே பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. இத்தகைய காலங்களில் 'நினைவு நாணயம் வாங்குங்கள், பணத்தின் மதிப்பைக் காக்கும்' என்று கூறுவோர் எமது குடும்பங்களையும் நாடுவர். அவர்களுக்கு மறுமொழி கூறுமுன் மேற்சொன்ன வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அவ்வாறாயின் சேகரிப்பு வீண் முயற்சியா? அன்று. ஹாலேயின் பிராங்கே நிறுவனத்து அநாதை இல்லக் கட்டடத்தின் மேல்மாடத்திலே, 18ஆம் நூற்றாண்டுக் காட்சிக் கூடம் ஒன்று ஏறத்தாழ 3,000 பொருட்களுடன் இன்றும் உள்ளது. தரங்கம்பாடியிலிருந்து வந்த தமிழ் ஏட்டுச் சுவடிகளும் அந்நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலே பேணப்படுகின்றன. எத்தனையோ நாணயங்கள் வந்து மறைந்தன, அவ்வோலைகள் நின்றன. விற்பதற்கென எவரும் அவற்றைச் சேர்க்கவில்லை என்பதே அவற்றின் பெருமை.

இங்கே எமது அனுபவம் ஒன்றையும் கூறுதல் பொருந்தும். 1990இன் பின்னர், பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்திலே நாம் ஆசிரியப் பணி புரிந்தோம். மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கைக்கெட்டாத விலைக்கு ஏறின. தாள் இன்மையாற் செய்தித்தாள்கள் கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சாயின. மாணவர் ஒருவர் மாற்றி ஒருவர் படித்து நைந்துபோன முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் பிரதிகள் கடைகளிலே சீனி சுற்றும் தாளாயின. வகுப்பிலே அவற்றைக் கண்டபோது பறித்து வைத்தவரும் நாமே. அலுமாரியில் நாம் பூட்டி வைத்த அப்பிரதிகளும், கொப்பித் தாளில் வந்த செய்தித்தாள்களும் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு போயின. நகையையும் உறுதிகளையும் எடுத்த கைக்கு அவற்றையும் எடுக்கத் தோன்றவில்லை. இன்று அக்காலத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க முற்படுகையில், காட்டுவதற்கு எம்மிடம் ஒரு தாளுமில்லை.

அன்பான வாசகர்களே, உங்கள் பெட்டிகளின் அடியிலே பங்கீட்டு அட்டை, பயண அனுமதித்தாள், பழைய ரூபாய்த் தாள், மடித்த கடிதம் ஏதும் கிடக்கக்கூடும். அவை உங்களைச் செல்வராக்க மாட்டா. ஆயினும் அவற்றை எறிந்துவிடாதீர்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், எவர் கையிலிருந்து வந்தது என ஒரு துண்டிலே பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். ஹாலே மக்களின் பேரப்பிள்ளைகள் தம் முன்னோர் பட்ட துயரைத் தாளிலே தொட்டுப் பார்க்கின்றனர். எமது பேரப்பிள்ளைகளுக்கும் அவ்வாய்ப்புக் கிட்ட வேண்டாமா?