கைவேலையும் குலக்கல்வியும்

பள்ளி விடுமுறைதோறும் பிள்ளைகளின் கைவேலைக்காகப் பெற்றோர் தெர்மாகோல் வெட்டுவதைக் காண்கையில் நமக்கு 1953 நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். மிஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றார். குயவர் வீட்டில் திகிரி, வண்ணார் வீட்டில் வெள்ளாவி என்பதே அதன் நடைமுறைப் பொருள். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. நல்லதே நடந்தது.

ஆயினும் பிள்ளையின் கல்வியில் வீட்டின் நிலை புகுவது நின்றதா என்ன? தந்தை ஒட்டிய எரிமலைக்கு முழு மதிப்பெண் (பரிசும் பெரும்பாலும் அதற்கே). விடியலில் சித்தாள் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் தாய் எப்பொழுது எரிமலை செய்வாள்?