ரிக்யூ-சா: ஒரு மங்கல் மை பிறந்த கதை

ஆலிவ் பச்சை மையில் பச்சை கொஞ்சம்தான்; மிச்சமெல்லாம் மஞ்சள். புடவைக் கடையில் மெஹந்தி கலர் என்றும், பேன்ட் துணிக் கடையில் மிலிட்டரி பச்சை என்றும் எடுத்துப் போடுகிறார்களே, அந்த நிறத்தைப் பேனா மையாக ஆக்க உட்காருகிறவர் முதலில் கையில் எடுப்பது மஞ்சள் சாயத்தை. பிறகு அந்த மஞ்சளைக் கெடுக்க வேண்டும். எதைப் போட்டுக் கெடுப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. இந்தக் கெடுக்கும் வித்தையை ஜப்பானியர் அளவுக்கு வேறு யாரும் ஊன்றிப் படித்ததில்லை என்பது என் கட்சி. சைலர் நிறுவனம் 20 மி.லி. குப்பியில் விற்கிற 'ரிக்யூ-சா' என்ற மை அதற்குச் சாட்சி. பழுப்பா, பச்சையா என்று பேனாப் பிரியர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொள்ளும் மை அது. அதன் பிறப்பைத் தேடிப் போனால் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பின்னால் நடக்க வேண்டியிருக்கிறது.

927-இல் தொகுத்து முடிக்கப்பட்ட 'எங்கிஷிக்கி' ஜப்பானிய அரசவையின் நடைமுறைச் சட்டத் தொகுப்பு. எந்தச் சடங்கை எப்படி நடத்துவது, எந்த மாகாணத்திலிருந்து என்ன வரி வரவேண்டும் என்பதோடு, அரண்மனைத் துணிகளுக்குச் சாயம் ஏற்றும் முறையும் அதில் இருக்கிறது. இத்தனை துணிக்கு இத்தனை செடி, இத்தனை சாம்பல், இத்தனை விறகு என்று சமையல் குறிப்பைப் போலவே எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று ஒரு மங்கலான பச்சைக்கானது. அதில் பச்சைச் செடியே கிடையாது. கரியாசு என்ற புல் நிறைய. முராசாகி என்ற செடியின் வேர் கொஞ்சம். கரியாசு எலுமிச்சை மஞ்சளைத் தரும். முராசாகி வேர் ஊதாவைத் தரும். மஞ்சளுக்கு நேர் எதிரி ஊதா. இரண்டும் மோதும்போது மஞ்சளின் பளபளப்பு செத்து, பாசியும் சாம்பலும் கலந்த ஒரு நிறம் மிஞ்சுகிறது.

அந்த நிறத்துக்கு ஒரு பெயர் கிகுஜின். கோஜி என்ற பூஞ்சையை வளர்த்துத்தான் ஜப்பானியர்கள் சாக்கே மதுவும் சோயா சாறும் செய்கிறார்கள். அந்தப் பூஞ்சை முற்றியதும் மேலே படியும் தூளின் நிறம் என்பது பெயரின் பொருள். பூஞ்சை நிறம் என்றதும் மலிவான சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். அது அந்தக் காலத்தில் பேரரசர் உடுத்திய அங்கியின் நிறம். அரசவைப் பணியாளர்களில் ஒரு சிலருக்கு மட்டும் அதை அணியச் சலுகை இருந்தது. மற்றவர்கள் நினைத்தபோதெல்லாம் போட்டுக்கொள்ள முடியவில்லை. நம் ஊர் ராஜா யாரிடமாவது போய் 'பூசணம் பூத்த கலரில் பட்டு நெய்திருக்கிறோம்' என்று சொல்லியிருந்தால் நெசவாளர் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

உலகமே பச்சையாக இருக்கும்போது பச்சைக்கு ஏன் இவ்வளவு சுற்று வழி? இலையை அரைத்துத் துணியைத் தோய்த்தால் பச்சை நிற்பதில்லை. சில நாளில் பழுப்படித்துப் போகும். அதனால் பழைய சாயக்காரர்கள் பெரும்பாலும் மஞ்சளின் துணையோடுதான் பச்சைக்குப் போனார்கள். மஞ்சள் மேல் அவுரி நீலத்தை ஏற்றினால் துளிர்ப்பச்சை. மஞ்சளை இரும்புத் தண்ணீரில் முக்கினால் அது அப்படியே இருண்டு ஆலிவுக்கு இறங்கும். கடுக்காய் ஏற்றிய துணியில் இரும்புக் கரைசலைத் தொட்டுக் கருப்புக் கோடு போடும் கலம்காரிக்காரர்களுக்கு இரும்பின் இந்தக் குணம் நன்றாகத் தெரியும்.

ரிக்யூ-சாவின் முதல் பாதிப் பெயருக்கு உரியவர் சென் நோ ரிக்யூ. சாக்காய் துறைமுக நகரத்தில் 1522-இல் பிறந்தவர். தேநீர்ச் சடங்கை அதன் எளிமையின் உச்சத்துக்குக் கொண்டுபோனவர். அவருடைய தலைவரும் ஆட்சியாளருமான தொயோதொமி ஹிதெயோஷி, பொன் தகடு போர்த்திய தேநீர் அறை ஒன்றை வைத்திருந்தார். ரிக்யூ கட்டியதாகச் சொல்லப்படும் தை-ஆன் அறையிலோ இரண்டு பாய்தான் விரிக்கலாம். மண் சுவர், மங்கல் வெளிச்சம். 1591-இல் ஹிதெயோஷியின் ஆணைப்படி ரிக்யூ வயிற்றைக் கிழித்துக்கொண்டு மாண்டார். தன் பெயரில் ஒரு நிறம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அந்தப் பெயர் பிற்காலத்தில் எதோ (இன்றைய டோக்கியோ) நகரவாசிகள் கொடுத்தது. அரைத்த தேயிலைத் தூளின் பச்சையும் அவருடைய அடக்கமும் சேர்ந்து மனதில் நின்றதால், பச்சை கலந்த மங்கல் நிறங்களுக்கெல்லாம் அவர் பெயரை ஒட்டவைத்தார்கள். பச்சை ஓடும் சாம்பல் ரிக்யூ-நெஸுமி. பச்சை ஓடும் பழுப்பு ரிக்யூ-சா; 'சா' என்றால் தேநீர், நிறப் பெயர்களில் பழுப்பு.

எதோ நகரவாசிகளுக்கு மங்கல் நிறத்தின்மேல் அவ்வளவு மோகம் வந்ததற்குக் காரணம் அரசாங்கம். எதோவிலிருந்து நாட்டை ஆண்ட தொக்குகாவா ஷோகன்களின் ஆட்சியில் வியாபாரிகள் கையில் பணம் புரண்டது. அந்தஸ்திலோ அவர்கள் கடைசிப் படி. பணக்கார வணிகன் சாமுராயை விடப் பகட்டாக உடுத்தினால் ஆட்சிக்குப் பொறுக்குமா? 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆடம்பரத்துக்கு எதிரான ஆணைகள் அடுத்தடுத்து வந்தன. பட்டில் இன்னது கூடாது, கருஞ்சிவப்பு கூடாது, ஊதா கூடாது. நகரவாசிக்கு மிஞ்சியது பழுப்பு, சாம்பல், அவுரி நீலம்.

தடை போட்டவர்கள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மிஞ்சிய நிறங்களுக்குள்ளேயே மக்கள் ஆடம்பரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பு. கிட்டத்தில் போனால் ஒன்றில் பச்சை ஓடும், ஒன்றில் மஞ்சள் ஓடும், இன்னொன்றில் கரி படிந்திருக்கும். 'நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு சாம்பல்' என்று ஒரு சொலவடையே பிறந்தது. உண்மையில் அதைவிடவும் அதிகம். காவல்காரன் கண்ணுக்கு அடக்கம், தெரிந்தவன் கண்ணுக்கு மிடுக்கு. சட்டத்தை இவ்வளவு நாசூக்காக ஏமாற்றியவர்கள் சரித்திரத்தில் குறைவு.

இந்தப் பழுப்புகளைப் பரப்பியவர்கள் கபுக்கி நாடக நடிகர்கள். இரண்டாம் செகாவா கிகுனோஜோ பெண் வேடத்தில் புகழ்பெற்றவர். அவர் புனைபெயர் ரொக்கோ. மேடையில் அவர் கட்டிவந்த மஞ்சள் இருண்ட பழுப்பு, எதோப் பெண்களிடையே ரொக்கோ-சா ஆனது. முதலாம் ஒனோஎ கிகுகோரோவின் பெயரில் பைக்கோ-சா. ஒசாக்கா நடிகர் இரண்டாம் அராஷி கிச்சிசாபுரோவின் பெயரில் ரிக்கான்-சா. இவற்றை இன்று வரிசையாக வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நாம் ஆலிவ் என்று சொல்லும் குடும்பத்தில்தான் வரும். நட்சத்திரத்தின் சட்டையைப் பார்த்துத் துணிக்கடைக்கு ஓடும் பழக்கம் சினிமாவோடு வந்ததல்ல.

ஆலிவ் மரம் அந்த மக்கள் கண்ணில் பட்டது வெகு தாமதமாக. கோபே நகரில் அரசாங்கம் ஒரு ஆலிவ் தோட்டம் போட்டது 1879-இல். அதற்குள் அந்த நிறம் குருவி, புறா, தேயிலை, பூஞ்சை, நடிகர் என்று எத்தனையோ பெயரில் புழங்கித் தீர்ந்திருந்தது. ஐரோப்பாவிலோ அப்போது நிலக்கரித் தாரிலிருந்து சாயங்கள் வந்துகொண்டிருந்தன. 1884-இல் கண்டுபிடிக்கப்பட்ட டார்ட்ரசைன் அவற்றில் ஒன்று. தண்ணீரில் சுத்தமாகக் கரையும் பளீர் மஞ்சள். கரியாசு புல்லின் வேலையை அதற்குப்பின் இந்த வகைச் சாயங்கள் பார்த்துக்கொண்டன.

சைலர் நிறுவனம் 1911-இல் கூரே துறைமுகத்தில் சக்காத்தா கியூகோரோ தொடங்கியது. அன்று தொட்டு நெடுங்காலம் மை என்றால் கருப்பு, நீலம், நீலக்கருப்பு. மாணவர் தாளைத் திருத்தச் சிவப்பு. நம்மிடமும் அதே கதைதான், கெசட்டட் அதிகாரியின் பச்சைக் கையெழுத்து மட்டும் கூடுதல். மை ஒரு ரசனைப் பொருளாக மாறியது அலுவலகத்தில் பேனாவுக்கு வேலை போன பிறகு. 2000-களின் நடுவிலிருந்து சைலரின் மை கலப்பாளர் இஷிமாரு ஒசாமு ஊர் ஊராகக் கடைகளுக்குப் போய், வாடிக்கையாளர் சொல்லும் நிறத்தை அவர் கண் முன்னாலேயே கலந்து கொடுத்தார். 2007-இல் கோபேயின் நாகசாவா எழுதுபொருள் கடையைச் சேர்ந்த தாக்கேவுச்சி நாவோயுக்கி, தம் ஊரின் நிறங்களை மையாக்கும் வரிசையைத் தொடங்கினார். 1995 பூகம்பத்தில் உதவியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுத, கோபேயின் நிறத்திலேயே ஒரு மை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாம். முதல் மை, ஊருக்குப் பின்னால் நிற்கும் ரொக்கோ மலையின் பச்சை. அதைத் தயாரித்துக் கொடுத்ததும் சைலர்தான். மற்ற ஊர்க் கடைகளும் ஆளுக்கொரு மை கேட்கத் தொடங்கின.

இப்படி மைக்கு ஊரும் பருவமும் பெயரும் தேடிய காலத்தில்தான் ரிக்யூ-சா குப்பிக்குள் வந்தது. முதலில் பருவகால மைகளில் ஒன்றாக வந்து, கொஞ்ச காலம் நின்றுபோய், பின்பு 16 நிறங்கள் கொண்ட 'ஷிக்கியோரி' வரிசையில் திரும்பியது. அதே வரிசையில் அதற்கு இரண்டு உறவினர்கள் உண்டு: இளம் உகுயிசு குருவியின் பெயரில் வாக்கா-உகுயிசு, என்றும் வாடாத பைன் மரத்தின் பெயரில் தொக்கிவா-மட்சு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் எதோக்காரர்கள் எதற்காக மெனக்கெட்டார்கள் என்று புரியும்.

ஆலிவ் மைக்குக் காகிதம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் கண்ணிலேயே காரணம் இருக்கிறது. ஆலிவ் நிற விளக்கு என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. இருட்டறையில் தனியாக ஒரு மஞ்சள் ஒளிப்பொட்டை எவ்வளவு குறைத்தாலும் அது மங்கிய மஞ்சளாகவே தெரியும். அதைச் சுற்றி வெள்ளை வெளிச்சத்தைக் கொண்டுவந்தால்தான் நடுவில் இருப்பது ஆலிவாக மாறும். ஆரஞ்சு இருண்டு பழுப்பாவதும் இப்படியே. ஆகவே இந்த நிறத்தில் பாதி மையில் இருக்கிறது, பாதி காகிதத்தின் வெள்ளையில் இருக்கிறது. சந்தன நிறத் தாளில் ரிக்யூ-சா ஏறக்குறைய பழுப்பாகவே ஒதுங்கிவிடும். நல்ல வெள்ளைத் தாளில் பச்சை எழுந்து நிற்கும்.

மையை உறிஞ்சும் தாள் இதற்கு ஆகாது. மை மேலேயே நின்று மெல்லக் காயும் தாளில், கோட்டின் தொடக்கம் மெல்லிய படலமாக மஞ்சள் அடித்தும், பேனா தயங்கி நின்ற இடத்தில் மை தேங்கிக் கரும்பச்சையாகவும் காயும். தமிழ் எழுத்துக்கு இது வாய்த்த விளையாட்டு: 'ழ'வின் வாலிலும் 'ஞ'வின் சுழியிலும் மை சேரும் இடமெல்லாம் இருண்டு தெரியும். ஜப்பானின் தோமோஎ ரிவர் தாள் இதற்கென்றே பேர்போனது. பள்ளி நோட்டில் இந்த அழகில் முக்கால்வாசி கிடைக்காது. நிப் அகலமாக இருக்கட்டும். கம்பி போல எழுதும் ஜப்பானிய மெல்லிய நிப்பில் எந்த ஆலிவும் சோகையாகத்தான் வரும்.

மற்ற நாட்டு ஆலிவ்கள் வேறு குணம். பிரான்சின் எர்பான் நிறுவனத்தின் 'வேர் ஒலீவ்' பெயரளவில்தான் ஆலிவ். கொழுந்து மஞ்சள், மெல்லிய நிப்பில் படிக்கவே கண் வலிக்கும். லைப்சிக் நகரில் 1892-இல் தொடங்கிய ரோரர் உண்ட் கிளிங்னரின் 'ஆல்ட்-கோல்ட்குருன்' பழைய பொன்னும் பாசியும் சேர்ந்தது. ஒரே சொல்லில் வெளிறலும் இருளும் காண விரும்புகிறவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். பெலிக்கான் 2018-இல் ஆண்டின் மையாக விட்ட 'ஒலிவின்' இருண்டது. அலுவலகக் கடிதத்தில் யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள். லிவர்பூலின் டயமைன் செய்யும் 'சாலமாண்டர்' அதைவிடச் சாம்பல். இவற்றில் எதை வாங்கினாலும் ஒரு சொட்டை வடிகட்டித் தாளில் விட்டு, நுனியைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். மஞ்சள் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், பலவற்றில் கூடவே ஒரு ரோஜா நிறக் கீற்றும் பிரிந்து வரும். எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் வெளிறுவதில்லை; வெயில் படும் இடத்தில் ஒட்டிவைத்த தாளில் சில மாதத்தில் வேறு நிறம் நிற்கலாம்.

குப்பி விலை கையைக் கடிக்கிறதென்றால் எங்கிஷிக்கி வழி திறந்தே இருக்கிறது. ஒரே கம்பெனியின் மஞ்சள் மையும், நீலம் சாய்ந்த ஊதா மையும் வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சளில் ஊதாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் தீக்குச்சியால் ஒரு கோடு இழுத்துக் காயவிட்டுப் பாருங்கள். ஊதாவில் சிவப்புத் தூக்கலாக இருந்தால் பழுப்பில் போய் முட்டும். அப்போது ஊதாவை விட்டுவிட்டுக் கருப்பை முயலலாம், பல கருப்பு மைகளில் நீலம் ஒளிந்திருப்பதால் அதுவும் ஆலிவைத் தரும். இரும்பு கலந்த மைகளை மட்டும் இந்த விளையாட்டில் சேர்க்காதீர்கள். கலந்ததை உடனே பேனாவில் ஏற்றாமல் ஓரிரு நாள் கண்ணாடிக் குப்பியில் வைத்து, அடியில் வண்டல் படியவில்லை என்று பார்த்த பிறகு நிரப்புங்கள்.