அடைக்கோழி சேர்த்து வைத்த சொந்தம்



மலருக்கு ஏதாவது வரலாறு எழுதிக் கொடு என்று நம்ம தலைவி அக்கா கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்தாவது வரைக்கும் படித்தவள் நான். எனக்கு என்ன வரலாறு தெரியும்? "அப்ப கோழியைப் பத்தி எழுதுடி, அதுதான் உனக்கு நல்லா தெரியுமே" என்று அக்கா சிரித்தார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், எங்க தெருப் பெண்களுக்குள்ள உறவு, சண்டை, யோசனை, கடன் எல்லாமே கோழியை வைத்துத்தான் நடந்திருக்கிறது. அதனால் அதையே எழுதுகிறேன்.

நம்ம விழுப்புரம் மாவட்டத்தில் அரசலாபுரம் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே ஒரு சேவலுக்கு நடுகல் இருக்கிறது. சண்டையில் செத்த வீரனுக்குக் கல் நடுவது போல, சண்டைச் சேவலுக்கு உருவம் செதுக்கி, முகையூர் மேற்சேரிக் கோழி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சுமார் 1500 வருஷத்துக்கு முந்தையது என்று சொல்கிறார்கள். சோழர்களின் பழைய தலைநகரமான உறையூருக்கே கோழி என்று ஒரு பெயர் உண்டு. முருகன் கொடியிலும் சேவல்தான். இவ்வளவு பெருமையும் சேவலுக்கு. அந்தச் சேவலை அடைகாத்துப் பொரித்த பெட்டைக்கோழிக்கு நான் கேள்விப்பட்டு ஒரு கல்லும் இல்லை. அதற்குத் தவிடும் நொய்யும் போட்டு வளர்த்த பொம்பளை யாரு என்றும் எழுதி வைக்கவில்லை.

"பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியப்போகுது?" என்று ஆம்பளைங்க பேசும்போது என் மாமியாரின் அம்மா, நாங்கள் ஆயா என்று கூப்பிடுவோம், வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லும்: "கூவறது சேவல்தான். அந்தச் சேவலைப் பொரிச்சது யாரு?" அதோடு பேச்சு அடங்கிவிடும்.

ஆயா காலத்தில் கோழி வளர்ப்பது ஒரு வீட்டு வேலையாக இல்லை, நாலு வீட்டு வேலையாக இருந்தது. ஒரு வீட்டில் முட்டை சேர்ந்திருக்கும், கோழி அடைக்கு உட்காராது. இன்னொரு வீட்டில் கோழி அடைக்கு உட்கார்ந்துவிடும், முட்டை இருக்காது. உடனே இந்த வீட்டு முட்டை அந்த வீட்டுக் கோழிக்கு அடியில் போகும். பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. கோழியே இல்லாத புதுப் பெண்ணுக்கு ஒரு விடைக்கோழியை வாரத்துக்கு விடுவார்கள். அது வளர்ந்து குஞ்சு பொரித்தால் கொடுத்தவளுக்குப் பாதி, வளர்த்தவளுக்குப் பாதி. நடுவில் பருந்து தூக்கிவிட்டால் இரண்டு பேருக்கும் நஷ்டம். சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை. வாய் வார்த்தைதான்.

அடை வைக்கிறதும் சும்மா இல்லை. கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பி, கோழியின் உடம்புக்குத் தகுந்த மாதிரி பத்துப் பன்னிரண்டு முட்டை வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்று ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போடுவார்கள். ஒரு வாரம் கழித்து இருட்டில் முட்டையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். உள்ளே நரம்பு ஓடியிருந்தால் கரு பிடித்திருக்கிறது. வெறுமனே தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். 21 நாளில் குஞ்சு வெளியே வரும். அந்த 21 நாளும் முட்டை கொடுத்தவள் அடை வைத்த வீட்டுக்கு ஏதாவது சாக்கில் வந்து போவாள். வந்தால் உட்காருவாள். உட்கார்ந்தால் வீட்டுக் கதை வரும். மருமகள் கதை, பிள்ளை படிக்காத கதை, புருஷன் குடிக்கிற கதை. நம்ம ஊரில் பெண்கள் யோசனை சொல்லிக்கொண்ட இடம் கோழிக்கூடைப் பக்கம்தான்.

கோழிக் காசு பெண்களின் சிறுவாட்டுக் காசு. நிலம் ஆம்பளை பேரில், மாடு ஆம்பளை பேரில். தமிழ்நாட்டில் பெண்பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்ததே 1989-ல்தான். அதுவும் அதற்கு முன்னாடி கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் முட்டை விற்ற காசை மட்டும் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். பிள்ளைக்கு நோட்டு, சீக்குக்கு மாத்திரை, பெண் வீட்டுக்குப் போக பஸ் காசு எல்லாம் அரிசிப் பானைக்குள் இருந்துதான் வரும்.

அதே 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் முதன்முதலாக மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அமைத்தார்கள். 1991-92-ல் நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. பிறகு 1997-ல் மகளிர் திட்டம் என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. எங்க ஊருக்குக் குழு வந்தபோது ஆம்பளைங்கதான் பயந்தார்களாம். ஆயாவுக்குப் பயம் இல்லை. "ஆளாளுக்குப் போட்டு வெச்சு, இல்லாதவளுக்குக் குடுத்து, பெருகினப்புறம் வாங்கறது. வாரக்கோழி மாதிரிதானே?" என்று கேட்டதாம். குழுவில் கையெழுத்தும் பாஸ்புக்கும் புதுசு. நம்பிக்கை பழசு.

இனி என் கதை. கல்யாணமாகி இரண்டாவது வருஷம், என்னைக் கேட்காமலே என் வீட்டுக்காரர் என் கம்மலை அடகு வைத்துவிட்டார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். வழியில் மேட்டுத்தெரு அக்கா வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். என் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. "இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிம்மா" என்றார்கள். உள்ளே இருட்டு அறையில் பதினொரு முட்டையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கடைசி முட்டை பார்க்கும்போது என் அழுகை நின்றுவிட்டது.

அங்கே இருந்த பெரியம்மா ஒருத்தர், "பொறுத்துப் போடி, பொம்பளைன்னா அப்படித்தான்" என்றார். அக்கா அதைச் சொல்லவில்லை. "போறதுன்னா போ, வேணாம்னு சொல்லல. ஆனா உன் பேர்ல ஒரு பாஸ்புக் இருக்கா? அது இல்லாம அங்க போனாலும் கை ஏந்தணும், இங்க வந்தாலும் கை ஏந்தணும்" என்றார்கள். அன்றைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. அடுத்த வாரம் குழுவில் சேர்ந்தேன். ஒரு வருஷத்தில் கம்மலை மீட்டது என் கோழிக் காசும் குழுக் கடனும்தான். எங்க ஆயா காலத்து யோசனை 'பொறுத்துக்கோ'. அக்கா காலத்து யோசனை 'பாஸ்புக் வெச்சுக்கோ'. எங்க தெருவில் மாறின வரலாறு இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட அக்காவுக்கு நான் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் இது வரலாறு ஆகாது.

எட்டு வருஷம் முன்னாடி, மாசி மாசம். காலையில் கொடாப்பைத் திறந்தால் ஒரு கோழி இறக்கையைத் தொங்கப் போட்டு நின்றது. எச்சம் வெள்ளையும் பச்சையுமாக இருந்தது. வெள்ளைக்கழிச்சல் என்று பார்த்தவுடனே தெரிந்தது. "வெளியே சொல்லாத, சொன்னா ஒரு கோழியும் விலை போகாது" என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டேன். நன்றாக இருந்த கோழிகளை அவசரமாக வியாபாரிக்குத் தள்ளிவிட்டேன். அன்று சாயங்காலம் அக்கா வந்து, முட்டை சேர்ந்திருக்கிறது, உன் அடைக்கோழியைக் கொடு என்று கேட்டார்கள். இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்களே. கொடுத்துவிட்டேன்.

நாலாம் நாள் அந்தக் கோழி அக்கா வீட்டில் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தது. பத்து நாளில் அக்காவின் 22 கோழியும் போயிற்று. தெருவில் மொத்தம் ஏழு வீட்டில் கொடாப்பு காலி. அக்கா பெண்ணை நர்சிங் சேர்க்க அந்தக் கோழிகளைத்தான் நம்பியிருந்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். யாரும் பேசவில்லை. அக்கா தலையைத் தூக்காமல், "கோழி போனா திரும்ப வரும்டி. எங்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலையே" என்றார்கள். அதற்கப்புறம் நாலு மாசம் என்னோடு பேசவில்லை. பெண்ணின் ஃபீஸுக்குக் குழு கடன் கொடுத்தது. அதில் ஒரு பங்கு வட்டியை நான் கட்டினேன். புதுசாகக் கோழி வாங்கி, முதல் ஈட்டுக் குஞ்சு ஒன்பதையும் அக்கா வீட்டுக் கொடாப்பில் கொண்டுபோய் விட்டேன். அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தவிடு இருக்கா, எடுத்துட்டு வா" என்றார்கள். அவ்வளவுதான். பேச ஆரம்பித்துவிட்டோம்.

அந்தக் கூட்டத்தில்தான் எங்க குழு ஒரு தீர்மானம் எழுதியது. யார் வீட்டுக் கோழி முதலில் தலை தொங்கினாலும் அன்றைக்கே எல்லோருக்கும் சொல்ல வேண்டும். சொன்னவளை யாரும் திட்டக் கூடாது. அவள் நஷ்டத்துக்குக் குழு முதலில் கடன் கொடுக்க வேண்டும்.

பிறகு கால்நடை மருத்துவரை அழைத்து வந்து கேட்டோம். இந்த நோய்க்கு ராணிக்கெட் என்று பெயர். வடக்கே மலையில் இருக்கிற ராணிக்கெட் என்ற ஊரில் 1927-ல் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை, வராமல் தடுக்கத்தான் முடியும். தடுப்பூசி மருந்து நம்ம ராணிப்பேட்டையிலேயே 1932-ல் ஆரம்பித்த அரசு நிலையத்தில் தயாராகிறது. நோய் ராணிக்கெட், மருந்து ராணிப்பேட்டை என்று எங்க பிள்ளைகள் பாட்டு மாதிரி சொல்வார்கள். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு. எட்டு வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. செத்த கோழியைக் குப்பையில் வீசக் கூடாது, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

அதில் ஒரு விஷயம் எனக்கு மறக்காது. ஊசி மருந்து ஒரு குப்பி 100 கோழிக்கு வரும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், ஐஸில் வைத்திருக்க வேண்டும். ஆறு கோழி வைத்திருக்கிற ஒருத்தி தனியாகக் குப்பி உடைத்தால் மீதி எல்லாம் வீண். தெருவே சேர்ந்தால்தான் மருந்து. இப்போது வருஷா வருஷம் மாசிக்கு முன்னாடி, விடியக் காலையில் கொடாப்பு திறப்பதற்குள், மருத்துவரோடு வீடு வீடாகப் போகிறோம். நான் கோழியைப் பிடிப்பேன், மேட்டுத்தெரு அக்கா இறக்கையை விரிப்பார்கள், அக்காவின் பெண் லீவில் வந்திருந்தால் நோட்டில் கணக்கு எழுதும். அது இப்போது நர்ஸாக வேலை பார்க்கிறது.

போன வருஷம் கீழத்தெருவில் ஒரு புது மருமகள் விடிவதற்கு முன்னாடியே எங்க வீட்டுக் கதவைத் தட்டியது. "அக்கா, எங்க கோழி ஒண்ணு உம்முன்னு நிக்குது, எனக்குப் பயமா இருக்கு" என்றது. போய்ப் பார்த்தால் வெறும் அஜீரணம்தான். அது வெட்கப்பட்டது. நான் அதன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னியே, அதுவே போதும்மா" என்றேன். பிறகு திண்ணையில் உட்காரவைத்து, உன் பேரில் பாஸ்புக் இருக்கா என்று கேட்டேன்.