தோள்பட்டைத் தழும்பும் செங்கல்பட்டு சொன்ன பதிலும்

1/
உங்க இடது தோள்ல சின்னதா ஒரு வட்டத் தழும்பு இருக்கா? அது பிசிஜி ஊசி போட்ட தழும்பு. "டிபி ஊசிதான் சின்ன வயசுலயே போட்டாச்சே, அப்புறம் எப்படி டிபி வரும்?" தாடிக்கொம்பு மாதிரி ஊர்கள்ல இருந்து இருமலோடு வர்றவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். இதுக்கான பதிலைத் தேடி நம்ம தமிழ்நாட்டுலயே ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கு. நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2/
கதை பிரான்சில் தொடங்குது. கால்மெட், கெரான் என்ற இருவர் மாட்டு டிபி கிருமியை 1908ல் இருந்து 13 வருஷம், 230 முறை திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைச்சாங்க. 1921ல் பாரிஸில் ஒரு குழந்தைக்கு முதன்முதலா கொடுத்தாங்க. அதுதான் பிசிஜி.

3/
இந்தியாவுக்கு வந்தது 1948ல். சென்னை கிண்டியில் பிசிஜி தயாரிக்கும் ஆய்வுக்கூடம் அந்த வருஷமே வந்துடுச்சு. 1951ல் நாடு முழுக்க ஊசி போடும் இயக்கம். எதிர்ப்பும் இருந்தது. முதலமைச்சர் பதவியில் இருந்து இறங்கியிருந்த ராஜாஜி, 1955ல் பிசிஜியை எதிர்த்து ஒரு புத்தகமே வெளியிட்டார்.

4/
ஊசி வேலை செய்யுதா? பிரிட்டனில் 1950ல் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயசுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை தொடங்கினாங்க. முக்கால் பங்குக்கும் மேல பாதுகாப்பு கிடைச்சது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடந்த சோதனையிலோ பலன் ரொம்பக் குறைவு. ஒரே ஊசி, ஊருக்கு ஒரு பதில். அப்போ நம்ம ஊருக்கு என்ன பதில்?

5/
அதைத் தெரிஞ்சுக்கத்தான் 1968ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரை மையமா வச்சு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதனையைத் தொடங்குச்சு. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் கூட நின்னாங்க. வீடு வீடாப் போய் மூன்றரை லட்சம் பேருக்கு மேல பதிவு பண்ணி, சுமார் 2.8 லட்சம் பேருக்கு ஊசி போட்டாங்க. சிலருக்கு பிசிஜி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எதுன்னு குலுக்கல் மாதிரி முடிவு பண்ணாங்க.

6/
1979ல் முதல் அறிக்கை. பெரியவங்களுக்கு வரும் நுரையீரல் டிபியைத் தடுப்பதில் பிசிஜிக்கும் வெறும் ஊசிக்கும் வித்தியாசம் தெரியல. 15 வருஷம் கண்காணிச்சு 1999ல் வந்த அறிக்கையும் பெரியவங்களைப் பொறுத்தவரை அதையேதான் சொன்னது. உலகமே அதிர்ந்த முடிவு. ஏன் இப்படி ஆச்சு? இதைப் புரிஞ்சுக்க டி செல் எப்படி விழிக்குதுன்னு தெரியணும்.

7/
டி செல் என்பது ஒருவகை வெள்ளை அணு. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்கும் தைமஸ் சுரப்பியில் பயிற்சி எடுத்து வெளிய வருது. தைமஸ் எதுக்குன்னே ரொம்ப காலம் யாருக்கும் தெரியாது. 1961ல்தான் லண்டனில் ஜாக் மில்லர் அதைக் கண்டுபிடிச்சார்.

8/
ஒவ்வொரு டி செல்லும் ஒரு திண்டுக்கல் பூட்டு மாதிரி. அதனதன் சாவிக்கு மட்டும்தான் திறக்கும். ஆனா கிருமி நேரா வந்து முட்டினா திறக்காது. நுரையீரலில் இருக்கும் டெண்ட்ரிடிக் செல் கிருமியை விழுங்கி, துண்டு துண்டாக்கி, அதைத் தூக்கிக்கிட்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகும். காய்ச்சல் வந்தா 'நெறி கட்டியிருக்கு'ன்னு சொல்றோமே, அந்த இடம்தான். அங்க அந்தத் துண்டை ஒரு தட்டில் வச்சு நீட்டுற மாதிரி நீட்டும். பொருந்துற டி செல் வந்து ஒட்டும். இது முதல் சாவி.

9/
அது மட்டும் போதாது. பேங்க் லாக்கருக்கு உங்க சாவியும் மேனேஜர் சாவியும் சேர்ந்தாதானே கதவு திறக்கும்? அதேதான் இங்கயும். 'ஆபத்து நிஜம்தான்'னு டெண்ட்ரிடிக் செல் தன் மேல ஒரு கொடியை ஏத்தியிருக்கணும். டி செல்லின் சிடி28 என்ற கை அதைப் பிடிக்கணும். இது இரண்டாவது சாவி. இது இல்லாம முதல் சாவி மட்டும் விழுந்தா டி செல் முடங்கிடும். நம்ம உடம்பையே நாம தாக்காம இருக்க இயற்கை வச்ச காவல் இது.

10/
ரெண்டு சாவியும் விழுந்தா? ஒன்று பல ஆயிரமாப் பெருகும். நுரையீரலுக்கு ஓடும். கிருமியை விழுங்கிட்டுக் கொல்ல முடியாம திணறும் மேக்ரோஃபேஜ் செல்களுக்கு இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிப்பொருளால் தெம்பு கொடுக்கும். வேலை முடிஞ்சதும் பெரும்பாலானவை செத்துப்போகும். கொஞ்சம் மட்டும் நினைவுச் செல்களாத் தங்கும். அடுத்த முறை அவை சீக்கிரமே பாயும். தடுப்பூசி நமக்குத் தருவது இந்த நினைவைத்தான். முன்கையில் மாண்டூ ஊசி போட்டு 2, 3 நாள் கழிச்சு வீக்கத்தை அளக்கிறாங்களே, அந்த வீக்கம் இந்த நினைவுச் செல்கள் வந்து கூடியதால்தான்.

11/
இப்போ செங்கல்பட்டுக்குத் திரும்புவோம். அங்க இன்னொரு சோதனையும் செஞ்சிருந்தாங்க. டிபி கிருமியின் தூரத்துச் சொந்தங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் நிறைய உண்டு. பெரும்பாலும் நோய் தராதவை. அவற்றின் சாறை ஊசியாப் போட்டுப் பார்த்தப்போ, மக்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் கை வீங்குச்சு. அதாவது பிசிஜி வருவதற்கு முன்னாடியே, சேத்துலயும் கிணத்துத் தண்ணியிலயும் புழங்கியே அவங்க டி செல்கள் ஓரளவு பாடம் படிச்சிருந்தன.

12/
அதனால என்ன நஷ்டம்? பிசிஜி உயிருள்ள கிருமி. உடம்பில் சில காலம் வாழ்ந்து பெருகினாதான் நல்லாப் பாடம் நடத்தும். முன்னாடியே விழிச்சிருக்கும் டி செல்கள் அதைச் சீக்கிரமே தீர்த்துக்கட்டிடுது. எலிகளில் 2002ல் இதைக் காட்டினாங்க. அதே வருஷம், ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு இளைஞர்களையும் பிரிட்டன் இளைஞர்களையும் ஒப்பிட்டப்போ, பிசிஜிக்குப் பிறகு பிரிட்டன் பிள்ளைகளுக்கு எகிறிய இன்டர்ஃபெரான் காமா, மலாவியில் அந்த அளவு எகிறல. இது ஒன்றே முழுக் காரணம்னு சொல்லிட முடியாது. மற்ற விளக்கங்களும் இருக்கு. ஆனா வலுவான விளக்கங்களில் இது ஒன்று.

13/
"அப்போ பிசிஜி வீண்தானே?" இல்லைங்க. இங்கதான் பலர் தடுமாறுறாங்க. பச்சைக் குழந்தையின் டி செல்களுக்கு மண்ணோடு பழக்கம் ஏற்படல. பலகை இன்னும் காலி. அதில் பிசிஜி எழுதினா பதியும். மூளைக்காய்ச்சல் வகை டிபி, உடம்பு முழுக்கப் பரவும் டிபி என்ற ரெண்டு கொடூரங்களில் இருந்து குழந்தைகளை பிசிஜி நல்லாக் காக்குதுன்னு பல நாட்டு ஆய்வுகள் சொல்லுது. அதனாலதான் பிறந்ததும் போடச் சொல்றோம். தள்ளிப் போடாதீங்க.

14/
செங்கல்பட்டு முடிவை 'தோல்வி'ன்னு எழுதுறவங்க உண்டு. நான் அப்படிப் பார்க்கல. ஊசி தோத்திருக்கலாம், சோதனை தோக்கல. பலன் இல்லைன்னு தெரிஞ்சதும் அதை மறைக்காம உலகத்துக்குச் சொன்னது பெரிய நேர்மை. டிபிக்குப் புதுத் தடுப்பூசி தேடுற எவரும் இன்னிக்கும் இதைப் படிக்காம நகர முடியாது. கையை நீட்டிய அந்த 2.8 லட்சம் பேருக்கு நாம கடன்பட்டிருக்கோம்.

15/
கடைசியா, இதை மட்டுமாவது மனசுல வச்சுக்கோங்க. தோள்ல இருக்கும் தழும்பு குழந்தைப் பருவத்துக்கான காவல். வாழ்நாள் காப்பு இல்லை. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், மாலையில் காய்ச்சல், காரணமில்லாம எடை குறையுது, சளியில் ரத்தம்: இதில் எது இருந்தாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் சளிப் பரிசோதனை செஞ்சுக்கோங்க. பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். முழுசாச் சாப்பிட்டா டிபி குணமாகும். வீட்டுல இருமிட்டே இருக்கும் பெரியவங்க யாராவது இருந்தா, அவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.