பங்குனியில் திறந்த கடல், சித்திரையில் மூடும் கடல்

தேனிக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கம்பம் பள்ளத்தாக்கில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை. ஆனால் ஆண்டிப்பட்டி, கண்டமனூர் பக்கம் ஆனி, ஆடியில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அந்தத் தென்மேற்குக் காற்றுக்கு மன்னார் வளைகுடாவில் 'கச்சான்' என்று பேர். நமக்கு அது மின்சாரம், கண்ணில் விழும் மண். அங்கே கடலைக் கலக்கி, தண்ணீரை மங்கலாக்கி, சிறு படகுகளைக் கரையில் உட்கார வைக்கும்.

கச்சான் வலுப்பதற்கு முன்னால், வடகிழக்குப் பருவமழை முடிந்த பின்னால், நடுவே ஓர் அமைதியான இடைவெளி வரும். மாசிக் கடைசியில் இருந்து சித்திரை வரை. கடல் சமதளமாகக் கிடக்கும், அடியில் இருப்பது தெளிவாகத் தெரியும். நம்ம ஊரில் வசந்தம் என்று தனியாக ஒன்று இல்லை என்பார்கள். கடலில் இருக்கிறது, அது இதுதான்.

இந்த இடைவெளியை நம்பித்தான் முத்துக் குளித்தல் நடந்தது. கடலுக்கடியில் உள்ள பாறைத் திட்டை அந்தப் பக்கம் 'பார்' என்பார்கள். முத்துச் சிப்பி மணலில் தங்காது, ஒட்டிக்கொள்ள அதற்குப் பார் வேண்டும். தூத்துக்குடிக்கு எதிரே இப்படி எத்தனையோ பார்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். நள்ளிரவில் கரைக்காற்றில் கிளம்பி, மறுநாள் மதியம் கடல்காற்றில் திரும்புவார்கள். வெளியில் இருந்து ஆற்றல் எதுவும் வாங்காமல் ஓடிய ஒரு தொழில்.

எவ்வளவு பழசு? கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' கொற்கை முத்தைப் பற்றிப் பேசுகிறது, தண்டனைக் கைதிகளை வைத்து எடுத்தார்கள் என்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்கோ போலோ இன்னும் விவரமாகச் சொல்கிறார். ஏப்ரலில் தொடங்கி மே நடுப்பகுதி வரை சீசன். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு மந்திரம் சொல்லிச் சுறாவைக் கட்டுகிறவர்களுக்கு. 'கடல்கட்டி' என்ற அந்த ஆள் பிரிட்டிஷ் காலம் வரைக்கும் சம்பளத்தோடு இருந்தார். இன்சூரன்ஸ் மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை. இந்தத் தேதியைப் படித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. இன்று தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017இல் 61 நாள் ஆனது. போலோ காலத்துக் காலண்டர் ஒரு வாரம் முன்பின் இருக்கும், அதை விட்டுவிடலாம். கடல் திறந்த அதே பருவத்தில்தான் இப்போது கடல் மூடுகிறது.

இதில் முரண்பாடு எதுவும் இல்லை, இரண்டும் வேறு வேறு மீன்பிடிப்பு என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கிற விதியைப் பாருங்கள். பிரிட்டிஷ் காலத்தில் அதிகாரிகள் முன்கூட்டியே பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தை மதிப்பிட்டு, வயதும் எண்ணிக்கையும் போதும் என்றால் மட்டும் அறிவிப்பு வரும். இல்லாவிட்டால் இல்லை, அவ்வளவுதான். 1830க்கு அப்புறம் தூத்துக்குடியில் அடுத்த முத்துக்குளிப்பு 1860இல்தான். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், அன்றைய கடலின் டீஃபால்ட் 'மூடு'. ஆதாரம் காட்டினால் சில வாரம் திறக்கும். இன்றைய டீஃபால்ட் 'திற'. காலண்டரைப் பார்த்து 61 நாள் மூடும், கடலுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து அல்ல. ஃபயர்வால் அமைத்தவர்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும்.

அதற்காகப் பழசைப் புகழவும் மாட்டேன். அது சிப்பிமேல் வந்த கருணை இல்லை, அரசு வருமானம். எதிர்க்கரையில் 1905இல் பெரும் அறுவடை. அந்த மயக்கத்தில் லண்டனில் ஒரு கம்பெனி உருவாகி, 1906இல் இலங்கைப் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் என்று 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு எடுக்க எதுவும் இல்லை, சில வருடங்களில் கம்பெனியும் இல்லை. நம் பக்கம் 1955 முதல் 1961 வரை ஏழு வருடம் தொடர்ந்து குளித்தார்கள். அதோடு முடிந்தது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். பார்களில் பழைய சலாபம் மட்டும் திரும்பவில்லை.

சிப்பி போன பிறகும் பவளப்பாறை இருந்தது. களவா, விளமீன் போன்ற பாறை மீன்களும் இருந்தன. அதையும் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். 1986இல் தேசியப் பூங்கா அறிவித்தும் வெட்டு நிற்கவில்லை. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. இப்போது வேறொரு தொல்லை. காற்று அடங்கிய அதே சித்திரை, வைகாசியில் தண்ணீர் சூடேறி, பவளம் தன் நிறத்தை இழந்து வெளுக்கிறது. 1998, 2010, 2016 என்று பெரிய வெளுப்புகள். முத்துக் குளித்தவனுக்குத் தெளிவைக் கொடுத்த அசையாத நீர்தான் பவளத்தைச் சுடுகிறது. இதற்குத் தடைக்காலத்தில் ஷரத்து கிடையாது.

இதெல்லாம் நம் பள்ளத்தாக்குக்கு எட்டுகிறதா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழகக் கிழக்குக் கரை மூடும்போது கேரளம் திறந்திருக்கிறது, குமுளி வழியாக வண்டி வரும். கேரளத்தின் 52 நாள் டிராலிங் தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை. நம் தடை ஜூன் 14இல் முடிகிறது. இரண்டு கரையும் சேர்ந்து மூடியிருப்பது ஐந்தே நாள். வருடத்தில் அந்த ஐந்து நாளும் கம்பத்தில் வைகை அணை ஜிலேபி மீன் கொஞ்சம் கூடுதலாக விற்கும், அவ்வளவுதான்.