முளைகளும் மின்னழுத்தமும்
தானியங்கும் இசைக்கருவிகளின் வரலாறு திருச்சபைக்கு உணர்த்துவது

திருச்சபையின் வரலாற்றில் இசைக்கருவிகளைக் குறித்த வழக்கு புதியதன்று. 1527-ஆம் ஆண்டில் சூரிக் நகரின் கிரோஸ்மூன்ஸ்டர் ஆலயத்தில் இருந்த ஆர்கன் உடைத்து அகற்றப்பட்டது. அந்நகரின் சீர்திருத்தத் தலைவராகிய சுவிங்லி இசையறியாதவர் அல்லர். பல கருவிகளை வாசிக்க வல்லவர். ஜெனீவாவில் கால்வின் வழிபாட்டினின்று கருவியிசையை விலக்கி, சபையார் சங்கீதங்களை ஒரே குரலாய்ப் பாடும் முறையை நிலைநாட்டினார். லூத்தரோ இசையை இறைவனின் நற்கொடையெனப் போற்றினார். இம்மூவரும் வேறுபட்ட முடிவுகளுக்கு வந்தனராயினும், சபையாரின் உள்ளமும் நாவும் வழிபாட்டில் பங்குபெற வேண்டும் என்பதே மூவரின் கவலையாகவும் இருந்தது.

இன்று நம் ஆலயங்கள் பலவற்றில், ஒரு பொத்தானை அழுத்தியதும் தாளத்தையும் துணைச்சுரங்களையும் தானே ஒலிக்கும் கீபோர்டு இடம்பெற்றுள்ளது. இயந்திரத்தின் ஓசை இறைவனுக்கு ஏற்றதன்று என்பார் ஒரு சாரார். காலத்திற்கேற்ற வசதி என்பார் மறு சாரார். இக்கருவியின் முன்னோடிகளாகிய சிந்தசைசர், சீக்வென்சர் என்பவை தோன்றிய வரலாற்றை அறிந்தால் இவ்வழக்கைச் சற்றுத் தெளிவாய்த் தீர்க்கலாம். சிந்தசைசர் என்பது மின்னோட்டத்தினால் ஒலியை உருவாக்கும் கருவி. சீக்வென்சர் என்பது சுரங்களை முன்னரே வரிசைப்படுத்தி வைத்து அவற்றைத் தானே இயக்கும் அமைப்பு.

1. முளை பொருத்திய உருளை

சுரங்களை முன்னரே குறித்துவைக்கும் எண்ணம் மின்சாரத்திற்கு மிக முற்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த பானு மூசா சகோதரர் மூவர், முளைகள் பொருத்திய உருளை சுழல்வதனால் தானே ஒலிக்கும் இசைக்கருவி ஒன்றை விவரித்தனர். 1502-ஆம் ஆண்டில் சால்ஸ்பர்க் கோட்டையில் தானியங்கும் ஆர்கன் ஒன்று நிறுவப்பட்டது.

இவ்வமைப்பு ஆலயத்திற்குள்ளும் நுழைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இங்கிலாந்தின் சிற்றூர் ஆலயங்கள் பலவற்றில் உருளை ஆர்கன்கள் வைக்கப்பட்டன. ஓர் உருளையில் பத்து அல்லது பன்னிரண்டு பாடல்களின் இராகங்கள் முளைகளாய்ப் பதிக்கப்பட்டிருக்கும். இசை பயிலாத ஒருவரும் கைப்பிடியைச் சுழற்றினால் போதும். அதற்கு முன்னர் ஆலயத்தின் மேல்மாடத்தில் அமர்ந்து வயலின், கிளாரினெட் முதலியவற்றை வாசித்த ஊரார் குழுக்கள், ஆர்கன்கள் வரவரப் படிப்படியாய் மறைந்தன. தாமஸ் ஹார்டி 1872-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல் ஒன்று, ஆர்கன் வரவால் இத்தகைய குழு ஒன்று இடமிழந்ததை அன்போடும் ஏக்கத்தோடும் சித்தரிக்கிறது. உருளை ஆர்கனில் பிழை குறைவு. ஆனால் சபையாரின் குரல் தளர்ந்தாலும் விரைந்தாலும் அதனை உணர்ந்து உடன்செல்லும் செவி அதற்கில்லை.

2. மின்னழுத்தத்தால் ஆன இசை

1950-களில் அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனத்தார் உருவாக்கிய பெருங்கருவி, துளையிட்ட காகித நாடாவினால் இயக்கப்பட்டது. உருளையின் முளைகள் செய்த பணியை இங்கே துளைகள் செய்தன எனலாம். ஓர் அறையையே நிரப்பிய அக்கருவியை அணுகக் கூடியவர் மிகச் சிலரே.

1964-ஆம் ஆண்டில் ராபர்ட் மோக் என்னும் பொறியியலார், ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசையமைப்பாளரோடு கூடி, எளிதில் கையாளத்தக்க சிந்தசைசரின் முதல் வடிவத்தை அமைத்தார். அதன் அடிப்படை எளியது. அலையியற்றி ஒன்றிற்குத் தரும் மின்னழுத்தத்தை ஒரு வோல்ட் உயர்த்தினால் அதிர்வெண் இருமடங்காகிறது. அதாவது சுரம் ஒரு ஸ்தாயி மேலே செல்கிறது. ஒலியின் நிறத்தையும் வலிமையையும் அவ்வாறே மின்னழுத்தத்தால் மாற்றலாம். பல பகுதிகளை இணைப்புக் கம்பிகளால் விரும்பியவாறு கோப்பது இசைஞரின் பணி.

ஏறத்தாழ அதே காலத்தில், சான் பிரான்சிஸ்கோவில் ரமோன் செண்டர், மார்ட்டன் சபாட்னிக் ஆகியோரின் வேண்டுகோளின்படி டான் புக்லா என்பவர் வேறொரு கருவியைச் செய்தார். வழக்கமான விசைப்பலகை பழைய இசைக்கே விரல்களை இழுத்துச் செல்லும் எனக் கருதி, அதற்கு மாறாகத் தொடுதகடுகளையும், எட்டு அல்லது பதினாறு படிகள் கொண்ட சீக்வென்சரையும் அவர் அமைத்தார். சபாட்னிக் அதனைக் கொண்டு 1967-இல் 'சில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் தி மூன்' என்னும் படைப்பை வெளியிட்டார்.

இக்கருவிகளின் சீக்வென்சர் உருளை ஆர்கனினின்று ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. உருளையில் பதித்த முளையை வாசிப்பவர் மாற்ற இயலாது. சீக்வென்சரிலோ ஒவ்வொரு படிக்கும் ஒரு குமிழ் உண்டு. இசை சுழன்றுகொண்டிருக்கும்போதே இசைஞர் குமிழைத் திருப்புகிறார், விளைந்ததைக் கேட்கிறார், மீண்டும் திருத்துகிறார். எட்டே படிகள் என்னும் வரம்பு அவரைச் சிறு மாறுதல்களையும் கூர்ந்து கேட்கச் செய்கிறது.

3. ஒரு ஞானப்பாட்டின் பயணம்

நம் மரபோடு நேரே தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. 1590-களின் இறுதியில் ஜெர்மனியின் ஊன்னா நகரில் கொள்ளைநோயினால் மக்கள் பெருந்திரளாய் மடிந்தபோது, அங்கு ஊழியம் செய்த லூத்தரன் ஆயர் பிலிப் நிகோலாய், பத்துக் கன்னியர் உவமையை அடிப்படையாகக் கொண்டு ஒரு ஞானப்பாட்டை இயற்றினார். அது 1599-இல் வெளிவந்தது. யோகான் செபஸ்தியான் பாக் 1731-இல் அதனை ஆலய இசைநாடகமாக விரித்து, பின்னர் அதன் ஒரு பகுதியை ஆர்கனுக்கென எழுதினார். அதே பகுதி 1968-இல் வெண்டி கார்லோஸ் மோக் சிந்தசைசரில் உருவாக்கிய 'சுவிட்ச்டு-ஆன் பாக்' இசைத்தட்டில் இடம்பெற்றது.

அவ்விசைத்தட்டை இயந்திரமே இசைத்ததாகப் பலர் எண்ணினர். உண்மை அதற்கு நேர்மாறானது. அக்கருவி ஒரு நேரத்தில் ஒரே சுரத்தையே ஒலிக்க வல்லது. ஆகவே பாக்கின் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே கையால் வாசித்து, எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிநாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்க வேண்டியிருந்தது. சுருதி விரைவில் பிறழ்ந்தபடியால் சிறுசிறு பகுதிகளாகவே பதிவு நடந்தது. விரலின் அழுத்தத்தை உணரும் விசைப்பலகையை மோக் கார்லோஸுக்கெனச் செய்து கொடுத்தார். கருவியின் குறைகளே வாசித்தவரைப் பாக்கின் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியே செவிசாய்க்கச் செய்தன. 1970-இல் அப்பதிவுக்கு மூன்று கிராமி விருதுகள் வழங்கப்பெற்றன.

4. மாற்றாளாய்த் தோற்ற கருவி

ஜப்பானில் இக்குதாரோ காக்கேஹாஷி 1972-இல் தொடங்கிய ரோலண்ட் நிறுவனம், 1980-களின் தொடக்கத்தில் டிபி-303 என்னும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தனியே பயிற்சி செய்யும் கித்தார் வாசிப்பவருக்குத் துணையாக, தாழ்சுரக் கித்தார் வாசிப்பவரின் இடத்தை நிரப்புவதே அதன் நோக்கம். சுரங்களை ஒருமுறையும் அவற்றின் கால அளவை மறுமுறையும் தனித்தனியே பதியவேண்டியிருந்ததால் அதனை இயக்குவது கடினமாயிற்று. அதன் ஒலியும் கித்தாரைப் போல் இல்லை. 1984-இல் உற்பத்தி நின்றது. மனிதனுக்கு மாற்றாள் என்ற வகையில் அக்கருவி தோல்வியுற்றது.

ஆனால் இருவேறு நகரங்களில் அது வேறுவிதமாய்ப் பயன்பட்டது. மும்பையில் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-ஆம் ஆண்டைச் சேர்ந்த தம் இசைத்தட்டு ஒன்றில், டிபி-303, தாளத்திற்கென டிஆர்-808, ஜூபிடர்-8 என்னும் சிந்தசைசர் ஆகிய மூன்றையும் இணைத்துப் பத்து இந்துஸ்தானி இராகங்களை இசைத்தார். ஒரு சுரத்தினின்று மறுசுரத்திற்கு வழுக்கிச் செல்லும் அக்கருவியின் இயல்பு நம் நாட்டு இராகத்திற்கு இசைந்திருந்தது. அன்று அது பெரிதும் கவனிக்கப்படவில்லை. 2010-இல் மறுபடி வெளிவந்தபோது உலகெங்கும் வியந்து கேட்கப்பட்டது. சிக்காகோவில் ஃபியூச்சர் என்னும் இளைஞர் குழுவினர், வாங்குவாரற்றுப் பழைய பொருளாகிவிட்ட அதே கருவியின் குமிழ்களை இசை ஓடும்போதே திருப்பி, 1987-இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்னும் இசைத்தட்டால் புதியதொரு இசைவகைக்கு வழிதிறந்தனர். ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாத இவ்விரு சாராரும் அதனைக் கித்தார் ஆக்க முயலாமல், அதற்குரிய குரலைத் தேடிக் கண்டனர்.

5. இறையியல் நோக்கு

ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில், இசைப்போர்க்குத் தகப்பனாகிய யூபாலும் உலோகத் தொழிலைச் செய்த தூபால்காயீனும் ஒரே தகப்பனின் மக்களாய்க் காட்டப்படுகின்றனர். இசைக்கும் தொழில்நுட்பத்திற்கும் உள்ள உறவைத் திருமறை மறைக்கவில்லை. அக்குடும்பத்தில் லாமேக்கின் வன்முறை இருந்ததையும் மறைக்கவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினான்காம் அதிகாரத்தில் குழலையும் யாழையும் உயிரற்றவை என்றே குறிப்பிடுகிறார். அவற்றை அவர் அதற்காகப் பழிக்கவில்லை. அவற்றின் ஓசை பொருள் தருகிறதா என்பதே அவரது வினா. உயிரின்மையில் யாழுக்கும் சிந்தசைசருக்கும் வேறுபாடில்லை.

தானியேல் மூன்றாம் அதிகாரமோ எச்சரிக்கை தருகிறது. அங்கே கருவிகள் ஒலித்தவுடன் திரளான மக்கள் ஒருமிக்க விழுந்து பணிகின்றனர். அக்கருவிகளை வாசித்தவர் மனிதரே. இயந்திரமாய் ஆக்கப்பட்டவர்களோ கேட்ட மக்கள். வழிபாட்டிற்கு வரும் தீங்கு கருவியின் பொறியமைப்பில் இல்லை, மனிதர் பதிலளிக்கும் உரிமையை இழப்பதில் உள்ளது என்பதை இப்பகுதி நன்கு விளக்குகிறது.

ஆகவே நாம் பகுத்தறியவேண்டியது யாது? கார்லோஸும் சிங்கும் சிக்காகோ இளைஞரும் கருவிக்குச் செவிகொடுத்து மறுமொழி தந்தனர். அங்கே படைப்பு நிகழ்ந்தது. சிற்றூர் ஆலயத்தின் உருளை ஆர்கனோ ஆள் தேவையில்லை என்பதற்காகவே விரும்பப்பட்டது. அங்கே ஒரு சபையின் கலைஞர் கூட்டம் கலைந்தது. நம் ஆலயக் கீபோர்டு இவ்விரண்டில் எவ்வழியில் செல்கிறது என்பதை ஒவ்வோர் ஆயரும் ஆராயவேண்டும். கீர்த்தனையின் இராகம் அறிந்த முதியவர் பாடும்போது, முன்பதிந்த தாளம் அவருக்காகக் காத்திருக்கிறதா, அல்லது அவரை விட்டு ஓடுகிறதா? சபையிலுள்ள இளைஞன் கருவியின் குமிழ்களையும் சுருதியையும் கற்றுத் தன் சபையின் குரலுக்கேற்ப வாசிக்கப் பழகுகிறானா, அல்லது பொத்தானை அழுத்திவிட்டு வாளாவிருக்கிறானா? மத்தளமும் வயலினும் வாசிக்கத் தெரிந்தவர் இன்னும் முன்வரிசையில் இடம்பெறுகின்றனரா?

இவ்வினாக்களுக்கு விடை கருவி விற்பவரிடம் இல்லை. ஆராதனைக் குழுவோடு ஆயர் அமர்ந்து, அடுத்த ஞாயிறு பாடவிருக்கும் பாடல்களில் ஒன்றையேனும் தானியங்கு தாளமின்றிச் சபையாரோடு பாடிப் பார்க்கட்டும். சபையின் மூச்சு எங்கே நிற்கிறது, எங்கே தொடர்கிறது என்பதை முதலில் கேட்டறிந்தபின், கருவியை அதற்கேற்ப அமைக்கலாம்.