பீனிக்ஸ்: சாம்பலுக்குக் கீழே ஓடிய கால்வாய்

இன்னைக்கு அரிசோனா பாலைவனத்துல இருக்கிற பீனிக்ஸ் நகரத்தோட கால்வாய்களைப் பத்திப் பேசலாம்.

நான் வாரத்துல மூணு நாள் இங்கே கிராண்ட் கால்வாய்க் கரையில ஜாகிங் போறேன். சிமெண்ட் பாதை, விளக்கு எல்லாம் இருக்கு, நிழல் மட்டும்தான் இல்லை. 2023 கோடையில தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸைத் தொட்ட ஊர் இது. விடியறதுக்கு முன்னாடியே ஓடி முடிச்சாத்தான் உண்டு.

ஒரு காலத்துல இந்தக் கால்வாய்க் கரைகள்ல காட்டன்வுட் மரங்கள் வரிசையா நின்றன. ஏசி வராத நாட்களில் ஜனங்க அந்த நிழலுக்குத்தான் வந்தாங்க, கால்வாயில நீந்தினாங்க. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில், மரங்கள் தண்ணீரைக் குடிக்குது, மண் தண்ணீரை உறிஞ்சுதுன்னு சொல்லி மரங்களை வெட்டி, கால்வாய்க்கு காங்கிரீட் பூசினாங்க. கரையில பராமரிப்பு வண்டி போற தடம் மட்டும் மிஞ்சியது. நாம இப்ப ஓடுறது அந்தத் தடத்துல.

இதுக்கும் பழைய கதை ஒண்ணு இருக்கு. 1867-ல் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் இங்கே வந்து பாசனக் கம்பெனி ஆரம்பிச்சார். அவர் கண்ணுல பட்டது தூர்ந்துபோன பழைய கால்வாய்கள். அந்தத் தடங்களை ஒட்டித்தான் புதுசா வெட்ட ஆரம்பிச்சாங்க. அவரோட இருந்த டாரெல் டூப்பா, அழிந்த நாகரிகத்தின் சாம்பலிலிருந்து புது ஊர் எழும்னு சொல்லி 'பீனிக்ஸ்'னு பேர் வைச்சதா சொல்வாங்க.

அந்தப் பழைய கால்வாய்களை வெட்டினவங்களை ஆய்வாளர்கள் ஹொஹோகாம் என்கிறார்கள். ஏறக்குறைய ஆயிரம் வருஷம், கி.பி. 1450 வாக்கு வரைக்கும், சால்ட் ஆற்றுத் தண்ணீரை வயலுக்குத் திருப்பினவங்க. சக்கரம் கிடையாது, இழுக்க மாடு குதிரை கிடையாது. குச்சியால தோண்டி, கூடையில மண்ணைச் சுமந்தே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வெட்டியிருக்காங்க. வாட்டம் அதிகமானா கரை அரிக்கும், குறைஞ்சா வண்டல் படியும். அந்த அளவைப் பிடிக்கிறதுதான் பாசனத்துல கஷ்டமான வேலை. அதை அவங்க சாதிச்சிருந்ததாலதான் ஸ்வில்லிங் அதே தடத்துல வெட்ட முடிஞ்சது.

இப்ப 'சாம்பல்' விஷயத்துக்கு வருவோம். பீனிக்ஸுக்குப் பேர் வைச்ச அந்த நாள்லயே, தெற்கே கிலா ஆற்றங்கரையில அகிமெல் ஓதம் மக்கள் விவசாயம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. பேருக்கே 'ஆற்று மக்கள்'னு அர்த்தம். பழைய கால்வாய்களை வெட்டினவங்க எங்க முன்னோர்னு அவங்க சொல்றாங்க. 1849-ல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவங்க பாலைவனத்துல பசியாறினது இவங்க விளைச்ச கோதுமையிலதான்.

அப்புறம் நடந்தது நமக்குப் பழகின தலைமடை–கடைமடைக் கதை. புதுசா குடியேறினவங்க கிலா ஆற்றின் மேற்பகுதியில தண்ணீரைத் திருப்பிக்கிட்டாங்க. கீழே ஆறு காய்ஞ்சது. ஊருக்கெல்லாம் தானியம் வித்த மக்கள் 1890-களில் பட்டினியில விழுந்தாங்க. பக்கத்துல சால்ட் ஆற்றின் குறுக்கே 1911-ல் ரூஸ்வெல்ட் அணை வந்தது, பீனிக்ஸ் செழிச்சது. கிலா மக்களுக்கோ பல தலைமுறை சட்டப் போராட்டம். 2004-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம்தான் ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி தண்ணீரை அவங்களுக்கு உறுதி பண்ணுச்சு. நம்ம கணக்குல சுமார் 28 டி.எம்.சி.

இந்த வரலாற்றுல எனக்கு முக்கியமாப் படுறது அந்தப் பேர்தான். ஒரு மக்களை 'மறைஞ்சு போனவங்க'னு எழுதிட்டா, அவங்க தண்ணீரை எடுக்கும்போது யாருடையதுன்னு கேட்க வேண்டியதில்லை. கிராண்ட் கால்வாயை ஒட்டியே, பழைய கால்வாய்களின் மிச்சத்தை வைச்சிருக்கிற நகர அருங்காட்சியகம் ஒண்ணு இருக்கு. அதுக்கு ரொம்ப நாளா ஸ்பானியப் பேர்தான். 2023-ல் ஓதம் மொழிப் பேரா மாத்தினாங்க. பீனிக்ஸ் பக்கம் வந்தீங்கன்னா அங்கே கட்டாயம் போங்க, காலையில சீக்கிரமாவே போங்க. அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.